கார்பெட் துரை: வேட்டையில் நிறைவு எது?



நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பன்றி வேட்டைதான். பொழுது விடியுமுன்னே லயத்துக்குப் பின்னால் நாய்கள் குரைக்க ஆரம்பித்துவிடும். ஏழெட்டுப் பேர் கத்தி, ஈட்டி சகிதம் கிளம்புவார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த மண்டோர் முன்னால் நடப்பார். சாயங்காலம் கறி பங்கு போடுவார்கள். வேட்டைக்குப் போக ஆம்பிளை இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு போகும்.

அந்த ஏழெட்டுப் பேரும் ஒரே காட்டுக்குத்தான் போனார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் மனசு நிறைந்தது ஒவ்வொரு விஷயத்தில். ஒருவருக்குக் கறி. இன்னொருவருக்குத் தன் நாயின் சாமர்த்தியத்தை நாலு பேர் பார்க்க வேண்டும். மண்டோருக்குத் தன் குறி தப்பவில்லை என்று கடையில் உட்கார்ந்து பேச வேண்டும். என் அப்பாவுக்கோ, மரவள்ளிக் கொல்லையைத் தோண்டிப் போட்ட பன்றி தொலைந்தால் போதும். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்த எல்லா வகை நிறைவையும் ஒரே பிறவியில் அனுபவித்துவிட்டு, கடைசியில் வேறொரு நிறைவுக்கு வந்து சேர்ந்த மனிதர் ஒருவர் உண்டு. அவர்தான் ஜிம் கார்பெட். இந்த வாரம் அவர் கதையைச் சொல்கிறேன். புலிக் கதை என்று பிள்ளைகள் படிக்கட்டும். பெரியவர்கள் படிக்க வேண்டிய கூலிக்காரர் கதையும் இதற்குள் இருக்கிறது.

ஒரு குழல் துப்பாக்கி

கார்பெட் 1875 ஜூலை 25ஆம் தேதி இமயமலைப் பக்கம் குமாவோன் பகுதியில், நைனிதால் என்ற ஊரில் பிறந்தார். முழுப் பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். ஐரிஷ் வம்சம். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம்முக்கு ஆறு வயது நிறையுமுன்னே, 1881இல் அவர் காலமாகிவிட்டார். பெரிய குடும்பத்தைத் தாய்தான் இழுத்துப் பிடித்துக் கரை சேர்த்தார். வெயில் காலத்தில் நைனிதால், குளிர் காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கி கிராமம் என்று வாழ்க்கை ஓடியது. காலாதுங்கியில் வீட்டைத் தாண்டினால் காடு.

நம்ம பிள்ளைகளைப் போலத்தான் அவரும் லாஸ்திக்கில் ஆரம்பித்தார். பிறகு மண் உருண்டை எய்கிற வில். பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி கைக்கு வந்தது. அதில் ஒரு குழல் வெடித்துப் போயிருந்தது. மிச்சமிருந்த ஒரு குழலில் மருந்தைக் கெட்டித்துச் சுட வேண்டும். மருந்தும் ஈயமும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அதனால் குறி தப்பினால் நஷ்டம் என்ற பாடத்தை எட்டு வயதிலேயே கற்றுக்கொண்டார்.

காட்டைக் கற்றுக் கொடுத்த வாத்தியார்களில் ஒருவர் குன்வர் சிங். பக்கத்துக் கிராமத்துப் பெரியவர், அனுமதியில்லாமல் வேட்டையாடுவதில் பேர் போனவர். காட்டுக்குள்ளே எப்படி நடப்பது, எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், பயத்தை எப்படி அடக்குவது என்று அந்தச் சிறுவன் அவரிடம்தான் பழகினான். காட்டுக்கோழியும் மயிலும் சுட்டுக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தால் ஒரு நிறைவு. அது பசித்த வீட்டுக்காரனின் நிறைவு. உலகத்தில் முதன் முதலில் வேட்டைக்குப் போனவனுக்கும் அதுதானே இருந்திருக்கும்? அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மொகாமா காட் கூலிகள்

கார்பெட் பெரிய பணக்காரத் துரை கிடையாது. படிப்பை முடித்ததும் வயிற்றுப் பிழைப்புக்கு ரயில்வேயில் சேர்ந்தார். அதன் பிறகு பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்ட் எடுத்தார். அப்போது வயது இருபதை ஒட்டி. அகலப் பாதை ரயிலில் வரும் சரக்கைக் கையால் இறக்கிச் சின்னப் பாதை ரயிலில் ஏற்ற வேண்டும். நிலக்கரி, தானியம், உப்பு, எல்லாம் மனித முதுகில்தான். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்.

தொடக்கத்தில் சரக்கு மலை போல் தேங்கிக் கிடந்தது. கார்பெட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரண் என்பவரும் தாங்களே கரிக்கூடை சுமந்து கூலிகளோடு கூலியாக உழைத்தார்கள். ஆனால் ரயில் கம்பெனியிலிருந்து பணம் வந்தபாடில்லை. ஆட்களுக்குக் கூலி பாக்கி. காண்டிராக்டருக்கே ஒரு வேளைச் சாப்பாடுதான். வெறும் வயிற்றோடு எத்தனை நாளைக்கு மூட்டை தூக்குவது என்று ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிரவே பணம் வந்து சேர்ந்தது, வேலையும் தொடர்ந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு எண்ணம் ஓடுகிறது. ஆட்களோடு சேர்ந்து பட்டினி கிடந்த காண்டிராக்டரை மதிக்க வேண்டும். அதே சமயம், மேலே இருப்பவன் பணத்தைத் தாமதித்தால் கீழே பட்டினி கிடப்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல கங்காணி கிடைத்தால் அது அதிர்ஷ்டம். கூலி குறித்த நாளில் கிடைத்தால்தான் அது உரிமை.

அங்கே அவரும் ராம் சரணும் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். ஆட்களின் பிள்ளைகள் இருபது பேரோடு ஒரு குடிசையில் ஆரம்பம். ஆனால் சாதி குறுக்கே வந்தது. மேல்சாதிப் பிள்ளையும் கீழ்சாதிப் பிள்ளையும் ஒரே வீட்டுக்குள் உட்காரக் கூடாதாம். ஒரே கொட்டகையில் உட்காரத் தடையில்லையாம்! ராம் சரண் என்ன செய்தார் தெரியுமா? குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார். கூரை மட்டும் நின்றது. வீடு கொட்டகையாகிவிட்டது, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இருபது பேர் பிறகு இருநூறு பேரானார்கள்.

பரிசு வேண்டாம் என்ற வேட்டைக்காரர்

இந்த ரயில்வே வேலையில் இருந்தபோதுதான், 1907இல், சம்பாவத் புலியைக் கொல்லும்படி அரசாங்கம் அவரைக் கேட்டது. அது ஒரு பெண் புலி. முதலில் நேபாளத்தில், பிறகு குமாவோனில் என்று மொத்தம் 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு.

செத்தவர்கள் யார் என்று பாருங்கள். புல்லறுக்கப் போன பெண்கள், மாட்டுக்குத் தழை ஒடிக்க மரமேறியவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள். துப்பாக்கியும் காவலும் உள்ள பங்களாக்காரர்கள் அல்ல. இருட்டோடு எழுந்து மரம் வெட்டப் போகிற நம்ம பெண்களைப் போல, பயந்தாலும் வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்கள்தான் புலி வாயில் விழுந்தார்கள்.

கார்பெட் இரண்டு நிபந்தனை போட்டார். அறிவித்திருந்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். அங்கே அலைந்து கொண்டிருந்த மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். காசுக்காக வேட்டையாடுகிறவன் என்ற பேர் அவருக்குப் பிடிக்கவில்லை. பரிசு ஆசையில் புதரில் அசைவதையெல்லாம் சுடுகிறவர்களின் குண்டுக்குப் பலியாகவும் அவர் தயாராக இல்லை. பரிசு வேட்டைக்காரனுக்கு நிறைவு பணத்தை எண்ணும்போதுதான் வரும். நடுவில் எந்த மிருகம் காயம்பட்டுத் தப்பியது, அது அப்புறம் யாரைக் கடிக்கும் என்ற கவலை அவனுக்கு இல்லை.

பாலி என்ற சிற்றூருக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தது. ஐந்து நாளைக்கு முன்னால் ஒரு பெண்ணைப் புலி கொண்டு போயிருந்தது. விளைந்த கோதுமை வயலில் அப்படியே நின்றது. கார்பெட் துப்பாக்கியோடு காவல் நின்றார். ஜனங்கள் பயத்தோடு வெளியே வந்து அறுப்பு அறுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஐந்து பெரிய வயல்கள் அறுபட்டன. அன்று அவர் புலியைச் சுடவில்லை. ஆனாலும் அன்று அவருக்குக் கிடைத்த நிறைவு சாதாரணமானதாக இருந்திருக்காது.

பிறகு சம்பாவத்தில், பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைப் புலி கொன்றது. அந்த ரத்தத் தடத்தைப் பிடித்துக் கார்பெட் போனார். மறுநாள் தாசில்தார் கூட்டிய சுமார் முந்நூறு கிராமத்து ஆட்கள் மலைமேல் வரிசையாக நின்று சத்தம் போட, புலி பள்ளத்தாக்கில் வெளிப்பட்டது. கொண்டுபோன மூன்று தோட்டாவும் தீர்ந்துவிட்டது. ஓடிப்போய் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து கடைசிச் சூட்டை முடித்தார்.

புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. மானைப் பிடிக்க முடியாமல் போன புலி மனிதனைப் பிடித்தது. யாரோ ஒருவன் சும்மா ஒரு வெடி வெடித்துப் பார்த்த சந்தோஷத்துக்கு 436 குடும்பம் விலை கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தில், ஒரு வருஷத்துக்கு முன் தன் அக்காளைப் புலி தூக்கிக்கொண்டு போனபோது, கையில் அரிவாளோடு அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிய தங்கை ஒருத்தி இருந்தாள். புலி திரும்பி முறைத்த அதிர்ச்சியில் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கார்பெட் புலித்தோலை அவள் வீட்டுக்கே கொண்டுபோய் விரித்துக் காட்டினார். அவள் பேச்சு திரும்பியது. வாய்விட்டுக் கூவிக்கொண்டு ஊரை அழைத்தாளாம். எந்தப் பரிசுப் பணம் இதற்கு ஈடாகும்?

கணக்குக்காகக் கொன்றவர்கள்

அதே காலத்தில் வேறு வகை வேட்டையும் நடந்தது. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்தில் வேட்டைக்குப் போனார். யானைகள் வட்டம் கட்டி வளைக்க, அவர் கூட்டம் பத்து நாளில் 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் சுட்டது. ராஜாக்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் சுவரில் எத்தனை தலை மாட்டியிருக்கிறோம் என்று போட்டி போட்ட காலம் அது. அவர்கள் நிறைவு எண்ணிக்கையில் இருந்தது. அந்த வளையத்துக்குள் புலியை விரட்டிவிட உயிரைப் பணயம் வைத்துக் காட்டுக்குள் நடந்தவன் கூலிக்காரன். போட்டோவில் நிற்பவர் துரை.

கார்பெட் இந்த ஆசைக்கு அப்பாற்பட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். 1930இல் பவல்கர் காட்டில் ஒரு பெரிய ஆண் புலியைச் சுட்டார். அது யாரையும் கொன்ற புலி அல்ல. அத்தனை பெரிய புலி என்று பத்து வருஷமாகப் பல வேட்டைக்காரர்கள் ஆசைப்பட்டுத் தேடிய புலி. அவரும் ஆசைப்பட்டார், சுட்டார். பெரிய மனிதர் வாழ்க்கையைச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது.

அதே 1930இல்தான் 64 பேரைக் கொன்ற சௌகர் பெண் புலியையும் முடித்தார். அன்று நடந்ததைக் கேளுங்கள். வழியில் ஒரு பறவையின் இரண்டு முட்டையைக் கண்டு, சேகரிப்புக்காக இடது கையில் எடுத்துக்கொண்டார். பாறையைத் திரும்பினால் எட்டடி தூரத்தில் புலி! முட்டையைக் கீழே போடாமல், மெதுவாக, ஒரே கையால் துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். பிறகு அந்த முட்டைகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். தாய்ப் பறவை திரும்பி வந்து உட்கார்ந்தது.

எட்டு வருஷத்துச் சிறுத்தை

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையில் ருத்ரபிரயாகை என்ற ஊர். 1918 முதல் 1926 வரை அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் ஒருவர்கூட வெளியே வர மாட்டார்கள். அதன் தலைக்குப் பத்தாயிரம் ரூபாயும் இரண்டு கிராமங்களும் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அந்த மாவட்டத்தில் லைசென்ஸ் துப்பாக்கி நாலாயிரம் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

கார்பெட் வந்து மாதக்கணக்கில் அலைந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பொறி, விஷம், எல்லாம் தோற்றது. கடைசியில் கோலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரிகர் தங்கும் கொட்டகைப் பக்கம், ஒரு மாமரத்தில் இரவிரவாகக் காத்திருந்தார். கீழே கழுத்து மணியோடு ஓர் ஆடு. 1926 மே மாதத் தொடக்கத்தில் ஓரிரவு, மணி குலுங்கிய ஒலியைக் கேட்டுச் சுட்டார். விடிந்து பார்த்தால், பேயென்றும் பிசாசென்றும் ஜனங்கள் நடுங்கியது, வாய்முடி நரைத்த ஒரு கிழட்டுச் சிறுத்தை.

ஆட்கொல்லி எப்படி உண்டாகிறது என்று அவர் ஆராய்ந்து பார்த்தார். 1918இல் பரவிய விஷக் காய்ச்சலில் மலைக்கிராமங்களில் பிணங்களை எரிக்கவும் ஆளில்லாமல் பள்ளத்தில் தள்ளினார்கள். அங்கே மனித மாமிசத்தைச் சிறுத்தை பழகிக்கொண்டது என்றார். முக்தேசர் பக்கம் 24 பேரைக் கொன்ற புலியின் உடம்பில் சுமார் ஐம்பது முள்ளம்பன்றி முட்கள் புதைந்திருந்தன. கடைசியாக 1938 நவம்பர் 30ஆம் தேதி, தாக் என்ற கிராமத்தில் அவர் சுட்ட பெண் புலிக்கும் பழைய குண்டுக் காயம் சீழ் பிடித்திருந்தது. அப்போது அவருக்கு வயது 63. ஆண் புலியைப் போலக் குரல் கொடுத்து, அந்திக் கருக்கலில் அதைத் தன் பக்கம் வரவழைத்தார். ஊரைக் காலி செய்து ஓடிய ஜனங்களுக்காகச் செய்த கடைசி வேலை அது.

சுடாத வேட்டை

இத்தனைக்கும் நடுவே அவர் மனசு மாறிக்கொண்டே வந்தது. சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி ராத்திரியில் புலிகளைப் போட்டோ பிடித்து வந்தார். அதைப் பார்த்துக் கார்பெட்டும் காமிராவைத் தூக்கினார். சுட்ட புலியின் தோல் பூச்சி அரித்துப் போகும், அதைப் பார்த்து மகிழ்பவர் சுட்டவர் மட்டுமே. படத்தையோ எல்லோரும் பார்க்கலாம், புலியும் உயிரோடிருக்கும். இதுதான் அவருடைய கணக்கு.

படக் காமிராவின் சத்தத்துக்குப் புலி மிரண்டு ஓடியது. உடனே விட்டுவிடவில்லை. ஓர் ஓடையில் சின்னச் சின்ன அணை கட்டித் தண்ணீரை அருவியாக விழவைத்தார். அந்தச் சலசலப்பில் காமிரா ஓசை அமுங்கியது. மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்து, 1938இல் பட்டப்பகலில் புலிகளைக் கூட்டமாகப் படம் பிடித்தார். அதே பொறுமை, அதே காட்டறிவு, அதே நெஞ்சுத் துடிப்பு. விசையை இழுப்பது மட்டும் இல்லை. வேட்டையின் ருசி முழுவதும் அதில் இருப்பதை அவர் கண்டுகொண்டார்.

1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பகுதியில் அமைய அவரும் பாடுபட்டார். ஹெய்லி பூங்கா என்று பேர் வைத்தார்கள். அவர் இறந்த பிறகு அது கார்பெட் பூங்காவாகியது. நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். தியடோர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர், யானையும் காட்டெருமையும் சுட்ட பெரிய வேட்டைக்காரர், பிறகு காட்டைக் காக்கப் பல ஆண்டு வாதாடினார். இன்று தாமான் நெகாரா என்று நாம் சொல்லும் காடு 1930களின் கடைசியில் பூங்காவானதற்கு அவர் முயற்சி முக்கிய காரணம்.

கடைசிக் காலம்

முதல் உலகப் போரின்போது, 1917இல், கார்பெட் குமாவோன் ஆட்கள் 500 பேரைத் தொழிலாளர் படையாகப் பிரான்சுக்கு அழைத்துப் போனார். ஒருவரைத் தவிர எல்லோரையும் உயிரோடு ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். காலாதுங்கி பக்கம் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். பயிரைக் காட்டுப் பன்றி அழிக்காமலிருக்க ஊரைச் சுற்றிப் பல மைல் நீளத்துக்குக் கல்சுவர் எழுப்பினார். என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சுவருக்காகவே அவரைக் கும்பிட்டிருப்பார்!

1944இல் குமாவோன் ஆட்கொல்லிகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். போரில் கண்ணிழந்த சிப்பாய்களின் இல்லத்துக்கு அதன் முதல் வருமானத்தைக் கொடுத்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1947இல் சகோதரி மேகியோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். வெள்ளைக்கார ஆட்சி போன பிறகு தங்களுக்கு இந்தியாவில் இடமிருக்குமோ என்ற கலக்கம். அவர் நேசித்த மலைஜனங்கள் அவரை விரட்டவில்லை. ஆனாலும் ஆளும் இனத்தில் பிறந்தவருக்கு அந்தப் பயம் வந்தது. அங்கே போன பிறகும் சோட்டி ஹல்த்வானி குடியானவர்களின் நிலவரியை அவரே கட்டி வந்தார். 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நியேரி என்ற ஊரில் காலமானார். அங்கேதான் அவர் கல்லறை இருக்கிறது.

தோழர்களே, நம் காட்டில் இன்று மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. காசுக்காகக் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள். கண்ணியில் கால் அறுபட்டுத் தப்பும் புலி என்ன ஆகும் என்பதைச் சம்பாவத் கதை நமக்குச் சொல்லிவிட்டது. அது தேடி வரப்போவது கண்ணி வைத்தவனை அல்ல. விடியற்காலையில் தனியாக வேலைக்காட்டில் நிற்கும் தொழிலாளியைத்தான்.

ஆகவே தோட்டத்தில் புலித்தடம் கண்டால் வீரம் காட்டாதீர்கள். உடனே பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். ஆபத்துள்ள இடத்துக்கு ஆளைத் தனியாக அனுப்பக் கூடாது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அதைக் கேட்பது சங்கத்தின் வேலையும்கூட. கம்பிக் கண்ணி கண்ணில் பட்டால் தகவல் கொடுங்கள். புலியைக் கொல்வது சட்டப்படி பெருங்குற்றம், சிறையும் உண்டு.

கறி, பரிசு, தலைக்கணக்கு, பேர், புகழ் என்று வேட்டைக்காரர்கள் பலவிதம். கார்பெட் இவற்றில் பலவற்றைத் தொட்டுப் பார்த்தவர். ஆனால் மலைஜனங்கள் அவரைக் கார்பெட் சாகிப் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டது அவர் சுட்ட புலிகளின் எண்ணிக்கைக்காக அல்ல. சாத்திய கதவைத் திறந்துகொண்டு பெண்கள் மறுபடி புல்லறுக்கப் போனார்களே, அதற்காக. பக்கத்து வீட்டுக்காரர் பயமில்லாமல் வேலைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்ப வேண்டும். அதற்கு நாம் செய்கிற எந்தக் காரியத்திலும் அந்த நிறைவு கிடைக்கும். அதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை.

அடுத்த வாரம் சந்திப்போம்.